எத்தனை பேர் பாதிப்பு? கியூஜிஐஎஸ் தரும் எண்ணை நம்புவதற்கு முன்

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் வெள்ள வரைபடத்தையும் மக்கள்தொகை அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, "இத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள்" என்று ஓர் எண்ணை எடுக்க இன்று பத்து நிமிஷம் போதும். அந்த எண் தப்பாக வந்தால், எங்கே தப்பானது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். காரணம் எளிது. இந்த வகைத் தவறுகளுக்கு மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராது. கணக்கு ஒழுங்காக ஓடும், அறிக்கை அழகாக அச்சாகும், எண் மட்டும் நான்கு மடங்காக இருக்கும்.

கடந்த சில வருஷங்களில் கியூஜிஐஎஸ்ஸிலும் அதன் பேரிடர் நீட்சிகளிலும் வந்த வசதிகளில் எது எந்தத் தவறைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எல்லா வசதிகளையும் அல்ல. தாக்கக் கணக்குக்கு உண்மையில் உதவுபவற்றை மட்டும்.

அடுக்கு தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டும்

இந்தத் துறையில் இனாசேஃப் என்ற நீட்சியைத் தொடாமல் பேச முடியாது. இந்தோனேசியாவின் தேசியப் பேரிடர் மேலாண்மை முகமையான பிஎன்பிபி, ஆஸ்திரேலிய அரசு, உலக வங்கி மூன்றும் சேர்ந்து உருவாக்கிய இலவச, திறந்த மூலக் கருவி அது. கியூஜிஐஎஸ்ஸுக்குள் நீட்சியாக ஓடும். அதன் அடிப்படை மிகவும் எளியது. ஓர் இடர் அடுக்கு: வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி, எரிமலைச் சாம்பல் என்று ஏதாவது ஒன்று. ஓர் எக்ஸ்போஷர் அடுக்கு, அதாவது இடருக்கு ஆளாகக்கூடியவை: மக்கள், கட்டிடங்கள், சாலைகள், நிலப் பயன்பாடு. விருப்பப்பட்டால் ஒரு தொகுப்பு அடுக்கு: முடிவுகளை வார்டு வாரியாகவோ கிராம வாரியாகவோ பிரித்துக் காட்ட. இந்த மூன்றையும் கொடுத்தால் அறிக்கை வரும்.

அதில் உள்ள ஆகச் சிறந்த வசதி அறிக்கை அல்ல, கீவேர்ட் விசார்டுதான். பார்க்கச் சலிப்பூட்டும் ஒரு கேள்விப் பட்டியல்: இந்த அடுக்கு இடரா, எக்ஸ்போஷரா? தொடர் மதிப்பா, வகுப்பா? அளவு மீட்டரிலா, அடியிலா? எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பு வரை எந்த வகுப்பு? பதில்களை அது அடுக்கின் பெயரிலேயே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக அருகில் சேமித்து வைக்கிறது. அடுத்த முறை வேறொருவர் திறந்தாலும் "இது மீட்டரில் உள்ள நீர் ஆழம்" என்பது அடுக்கோடு கூடவே வரும்.

இங்கேயே முதல் சறுக்கல். ராஸ்டர் (நிலத்தைச் சிறு சதுரச் செல்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பு வைக்கும்) கோப்பை மட்டும் வேறு கோப்புறைக்கு நகலெடுத்தாலோ பெயரை மாற்றினாலோ எக்ஸ்எம்எல் பின்னாலேயே தங்கிவிடும். தரவுத்தளத்தில் உள்ள அடுக்குகளுக்கு நிலைமை இன்னும் மோசம். அவற்றின் கீவேர்டுகள் உங்கள் கணினியில் உள்ள ஒரு சிறு தரவுத்தளத்தில் இருக்கும், சக ஊழியரின் கணினிக்குப் போகாது. அவர் விசார்டை மறுபடி ஓட்டி வேறு எல்லை மதிப்புகளை (எந்த அளவைத் தாண்டினால் பாதிப்பு என்பதை) கொடுப்பார். ஒரே அடுக்கு, இரண்டு அறிக்கை, இரண்டு எண்.

நீட்சியை நிறுவும்முன் அது உங்கள் கியூஜிஐஎஸ் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அழ வேண்டியதில்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் கியூஜிஐஎஸ்ஸின் சொந்தக் கருவிகளால் செய்துகொள்ளலாம். அப்போது விசார்டு கேட்கும் கேள்விகளை நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டு, பதிலை அடுக்கின் மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய குறிப்பு) பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதே இல்லை என்பதுதான் வருத்தம்.

எல்லை மதிப்பு யாருக்காக?

இனாசேஃப்பின் 4-ஆம் வரிசையில் வந்த மாற்றங்களில் இது முக்கியமானது: தொடர் மதிப்புள்ள இடர் அடுக்குக்கு எக்ஸ்போஷர் வாரியாகத் தனித்தனி எல்லை மதிப்பு கொடுக்கலாம். ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்க வானிலைச் சேவை பொதுமக்களுக்குச் சொல்லும் கணக்கு நல்ல உதாரணம். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஒரு பெரியவரைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை அடித்துக்கொண்டு போகும்.

1 மீட்டரை எல்லாவற்றுக்கும் ஒரே எல்லையாக வைத்தால் என்ன ஆகும்? 40 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் சாலை அறிக்கையில் "பாதிப்பில்லை" என்று வரும். அந்தச் சாலையை நம்பி ஆம்புலன்ஸ் பாதை போடுவார்கள். வீடுகளுக்கோ தரைமட்டம் எவ்வளவு உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லை மாறும். ஆகவே சாலைக்கு ஒன்று, கட்டிடத்துக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று என்று மூன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அறிக்கையில் எழுதுங்கள்.

நீட்சி இல்லாமல் செய்பவர்கள், மதிப்புகளை வகுப்பு எண்களாக மாற்றும் ரீகிளாசிஃபை பை டேபிள் கருவியைப் பயன்படுத்துவார்கள். அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இயல்புநிலையில் வகுப்பின் கீழ் எல்லை சேராது, மேல் எல்லை சேரும். அதாவது 0 முதல் 0.3 என்று எழுதினால் சரியாக 0 உள்ள செல் அந்த வகுப்பில் விழாது. இரண்டாவது, எந்த வகுப்பிலும் விழாத செல் தன் பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளும். மேல் எல்லையை 5 மீட்டர் என்று முடித்துவிட்டீர்கள், ஆற்றுக்குள் 6.2 மீட்டர் ஆழம் இருக்கிறது. வெளியீட்டில் 1, 2, 3 என்ற வகுப்புகளுக்கு நடுவே 6.2 என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். கடைசி வகுப்பின் மேல் எல்லையை 9999 என்று போடுங்கள், இல்லாவிட்டால் பொருந்தாத செல்லை நோடேட்டா (மதிப்பற்றது) ஆக்கும் தெரிவை டிக் செய்யுங்கள்.

இன்னொரு பழைய நோய்: நீர் ஆழத்துக்குப் பதில் நீர்மட்ட உயரத்தைக் கொடுத்துவிடுவது. ஹைட்ராலிக் மாதிரிகள் இரண்டையும் தரும், கோப்புப் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 42 மீட்டர் என்றால், 1 மீட்டர் எல்லையைத் தண்ணீர் உள்ள ஒவ்வொரு செல்லும் தாண்டிவிடும். அடுக்கில் மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பார்த்தால் பத்து வினாடியில் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு பேர் நாற்பத்தெட்டு ஆவது எப்படி

மக்கள்தொகை ராஸ்டரில்தான் மிகப் பெரிய எண் பிழைகள் நடக்கின்றன. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வேர்ல்ட்பாப் போன்ற மக்கள்தொகைத் தொகுப்புகளில் ஒவ்வொரு செல்லிலும் இருப்பது "இந்தச் செல்லில் இத்தனை பேர்" என்ற எண்ணிக்கை. அடர்த்தி அல்ல. செல் அளவு 3 ஆர்க் வினாடி, நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 100 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் வெள்ள ராஸ்டர் 50 மீட்டர். இரண்டும் பொருந்த வேண்டும் என்று நினைத்து மக்கள்தொகையை 50 மீட்டருக்கு மறுமாதிரி செய்கிறீர்கள், அதாவது செல் அளவை மாற்றுகிறீர்கள், அருகிலுள்ள செல்லின் மதிப்பை அப்படியே எடுக்கும் நியரெஸ்ட் நெய்பர் முறையில். 12 பேர் இருந்த ஒரு செல் இப்போது நான்கு செல். ஒவ்வொன்றிலும் 12. கூட்டினால் 48. ஊரின் மக்கள்தொகை நான்கு மடங்கு. சுற்றியுள்ள செல்களை வைத்துச் சராசரி எடுக்கும் பைலீனியர் போட்டாலும் இதே கதைதான், எண்கள் மட்டும் தசமத்தோடு வரும்.

மீட்க இரண்டு வழி. ஒன்று, எண்ணிக்கை ராஸ்டரைத் தொடவே தொடாதீர்கள். வெள்ள ராஸ்டரை வகுப்பாக்கி, பாலிகனைஸ் செய்து (செல்களை மூடிய வடிவங்களான பாலிகான்களாக மாற்றி), அந்தப் பாலிகான்களைக் கொண்டு மக்கள்தொகை ராஸ்டர்மேல் ஒவ்வொரு பாலிகானுக்குள்ளும் உள்ள செல்களைக் கணக்கிடும் சோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஓட்டி, சம் (கூட்டல்) எடுங்கள். ராஸ்டர் தன் சொந்தக் குறிப்பு அமைப்பிலேயே (இடங்களை எண்களால் குறிக்கும் ஆயத்தொலை முறை) இருக்கட்டும். இரண்டு, ராஸ்டரை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஜிடிஏஎல் என்ற ராஸ்டர் கருவித்தொகுப்பின் 3.1 பதிப்பு முதல் வார்ப் கட்டளையில் சம் என்றே ஒரு மறுமாதிரி முறை இருக்கிறது. எடை போட்டுப் பகிர்ந்து கொடுக்கும், மொத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். எந்த வழியானாலும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ராஸ்டரின் மொத்தக் கூட்டலை எடுத்து ஒப்பிடுங்கள். ராஸ்டர் லேயர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கருவி சம் மதிப்பைத் தரும்.

சோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பற்றி ஒரு பக்கவாட்டுக் குறிப்பு. முன்பு அது உள்ளீட்டு அடுக்கையே மாற்றி எழுதும். கியூஜிஐஎஸ் 3.16 முதல் புதிய அடுக்கைத் தருகிறது, பழையது "இன் பிளேஸ்" என்ற பெயரில் தனியாக இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய மாடல்கள் திடீரென்று வேறுமாதிரி நடந்துகொண்டால் இது காரணமாக இருக்கலாம். இன்னொன்று, கருவி செல்லின் மையப்புள்ளி பாலிகானுக்குள் விழுகிறதா என்றுதான் பார்க்கிறது. பாலிகானுக்குள் ஒரு மையம்கூடச் சரியாகத் தேறாத அளவு சிறியதாக இருந்தால் மட்டுமே பரப்பு விகிதத்தில் பிரிக்கிறது. ஆற்றங்கரையை ஒட்டி ஓடும் 30 மீட்டர் அகலமுள்ள நீண்ட பட்டை போன்ற பாலிகானுக்கு 100 மீட்டர் ராஸ்டரில் எடுத்த எண், மையங்கள் எங்கே விழுந்தன என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதை மூன்று இலக்கத் துல்லியத்தில் அறிக்கையில் போடாதீர்கள்.

துல்லியம் என்றதும் நினைவுக்கு வருவது இனாசேஃப்பின் முழுமையாக்கும் பழக்கம். மக்கள் எண்ணிக்கையை ஆயிரத்துக்குள் என்றால் பத்துக்கும், ஒரு லட்சத்துக்குள் என்றால் நூறுக்கும், அதற்கு மேல் ஆயிரத்துக்கும் மேல்நோக்கி முழுமையாக்கும். சரியான முடிவு. ஆனால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக முழுமையாவதால் வார்டுகளின் கூட்டல் மொத்தத்தோடு பொருந்தாது. கூட்டத்தில் யாராவது கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்ப்பார், அப்போது விழிக்க வேண்டாம்.

கட்டிடங்கள்

மருத்துவமனை எத்தனை மூழ்கும் என்று கேட்டால் தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து பெரும்பாலும் பூஜ்யம் வரும். மருத்துவமனை அங்கே இல்லாததால் அல்ல. வரைந்தவர் கட்டிடத்தை வெறும் "பில்டிங் = யெஸ்" என்று போட்டு, மருத்துவமனை என்ற குறிச்சொல்லை அதற்குள் ஒரு புள்ளியாகவோ சுற்றுச்சுவர் வளாகத்தின் பாலிகானிலோ வைத்திருப்பார். கட்டிட அடுக்கை மட்டும் இறக்கிய உங்களுக்கு அந்தத் தகவல் வரவே இல்லை. இனாசேஃப்பின் மதிப்புப் பொருத்தும் பக்கம் "யெஸ்" என்பதைப் பிற வகையில் போட்டுவிட்டுப் போய்விடும்.

சரிசெய்ய, மருத்துவமனை, பள்ளி போன்றவற்றைக் குறிக்கும் அமெனிட்டி குறிச்சொல் உள்ள புள்ளிகளையும் பாலிகான்களையும் தனியாக இறக்கி, கட்டிட அடுக்கோடு ஜாயின் ஆட்ரிப்யூட்ஸ் பை லொகேஷன் (இடத்தை வைத்துத் தகவலை இணைக்கும் கருவி) போடுங்கள். அல்லது 3.16-இல் வந்த ஓவர்லே செயல்பாடுகளை ஃபீல்டு கால்குலேட்டரில் பயன்படுத்துங்கள். தனி அடுக்கு உருவாக்காமல், "என்மேல் விழும் புள்ளியின் அமெனிட்டி என்ன" என்று கட்டிடமே கேட்டுக்கொள்ளும். பெரிய அடுக்குகளுக்கு, இடத்தை வேகமாகத் தேட உதவும் ஸ்பாஷியல் இண்டெக்ஸ் போடாமல் இதைத் தொடங்கினால் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது.

எல்லையில் நிற்கும் கட்டிடமும் தொல்லைதான். வார்டு எல்லையோடு இண்டர்செக்‌ஷன் போட்டால் எல்லைக்கோடு நடுவே போகும் கட்டிடம் இரண்டு துண்டாகி, இரண்டு கட்டிடமாக எண்ணப்படும். சாலைக்கு வெட்டுவது சரி, ஏனென்றால் அங்கே நீளத்தைத்தான் கூட்டுகிறோம். நிலப்பரப்புக்கும் சரி. கட்டிடத்தை வெட்டக் கூடாது. ஜாயின் பை லொகேஷனில் "அதிகம் மேற்படியும் ஒன்றை மட்டும் எடு" என்ற தெரிவு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் ஒரு கட்டிடம் ஒரு வார்டில் மட்டும் விழும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கட்டிடங்கள் வரையப்படாத பகுதிகளுக்கு கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட உலகளாவிய கட்டிடத் தடங்கள் ஆகியவை இப்போது கைகொடுக்கின்றன. வானத்திலிருந்து எடுத்த படங்களில் இயந்திரம் கண்டுபிடித்தவை. எண்ணிக்கைக்குப் பயன்படும், வகைக்குப் பயன்படாது: பள்ளியா வீடா என்று அவற்றுக்குத் தெரியாது. கூகுள் தொகுப்பில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு நம்பக மதிப்பு இருக்கிறது. அதை வடிகட்டாமல் முழுவதையும் எண்ணினால் பாறையும் கொட்டகையும் வீடாகிவிடும். இரண்டு தொகுப்புகளை அப்படியே இணைத்தால் ஒரே வீடு இரண்டு முறை வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நடக்கிறது.

நேரம் என்ற அச்சு

2020-இல் 3.14 பதிப்போடு வந்த டெம்பரல் கண்ட்ரோலரைப் பலர் படம் ஓட்டிக் காட்டும் வேடிக்கையாகத்தான் பார்க்கிறார்கள். தாக்கத் திட்டமிடலுக்கு அதைவிட முக்கியமானது மெஷ் அடுக்கு, அதாவது மதிப்புகளை வலைப்பின்னலாக வைக்கும் அடுக்கு. ஹெக்‌ராஸ், டியூஃப்ளோ போன்ற வெள்ள மாதிரி மென்பொருள்களின் வெளியீட்டை ராஸ்டராக மாற்றாமலே கியூஜிஐஎஸ் நேரடியாகத் திறக்கும், ஒவ்வொரு நேரப்படிக்கும் ஆழம், வேகம் உட்பட.

வழக்கமாக அறிக்கையில் வருவது உச்ச ஆழ வரைபடம். மெஷ் கால்குலேட்டரில் நேர வாரியாக உச்சத்தை எடுக்கும் செயல்பாடு உண்டு, ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் உச்ச வரைபடம் எந்த ஒரு மணி நேரத்திலும் நடக்காத வெள்ளம். மேல்பகுதி காலை மூன்று மணிக்கு மூழ்கியிருக்கும், கீழ்ப்பகுதி பிற்பகலில். இரண்டையும் ஒரே படத்தில் பார்ப்பவர் எல்லாச் சாலைகளும் ஒரே நேரத்தில் அடைபட்டதாக நினைத்து, வெளியேற்றத்துக்கு வழியே இல்லை என்று முடிவு செய்வார். இழப்பீட்டுக் கணக்குக்கு உச்சம் சரி. வெளியேற்றத்துக்கு வேண்டியது, எந்தச் சாலை எத்தனை மணிக்கு எல்லையைத் தாண்டுகிறது என்பது.

அதை எடுப்பது கடினமில்லை. சாலைகளில் தாழ்வான இடங்களில், பாலங்களின் இரு முனைகளில் புள்ளிகள் வையுங்கள். மெஷ்ஷிலிருந்து புள்ளிகளுக்கான நேரத்தொடர் மதிப்புகளை ஏற்றுமதி செய்யும் கருவியை ஓட்டுங்கள். வரும் அட்டவணையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழம் 0.3 மீட்டரைத் தாண்டிய முதல் நேரத்தைக் கண்டுபிடித்து சாலை அடுக்கில் ஒரு புலமாகச் சேர்த்துவிட்டால், எது முதலில் அடைபடும் என்ற வரிசை கிடைத்துவிடும். ஓட்டும்முன் மாதிரியின் தொடக்க நேரம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று அடுக்கின் பண்புகளில் பாருங்கள். சில கோப்புகளில் குறிப்பு நேரம் இருக்காது. அப்போது நீங்களே கொடுக்க வேண்டும், அங்கே நேர மண்டலம் மாறிப்போனால் வரிசை சரியாக இருக்கும், மணி தப்பாக இருக்கும்.

தரை உயரம்

3.26 பதிப்பில், 2022-இல் வந்த எலிவேஷன் புரொஃபைல் கருவியை ஒரே ஒரு சோதனைக்காகவாவது பயன்படுத்துங்கள். கரைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, தரை உயர மாதிரியையும் நீர்மட்டத்தையும் ஒரே வெட்டுத்தோற்றத்தில் பாருங்கள். நீர்மட்டம் கரையின் உச்சிக்குக் கீழே இருக்கும்போது மறுபுறம் தண்ணீர் இருந்தால், மாதிரியில் கரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். 30 மீட்டர் செல்லில் 5 மீட்டர் அகலக் கரை சராசரியில் கரைந்துபோவது சாதாரணம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் உயர மாதிரி தரையின் உயரம் அல்ல, மேற்பரப்பின் உயரம். மரங்களும் கட்டிடங்களும் சேர்ந்தது. அடர்ந்த தோப்பு அங்கே மேடாகத் தெரியும், வெள்ளம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். மேலும் எஸ்ஆர்டிஎம் என்ற இன்னோர் உயர மாதிரியின் உயரங்கள் இஜிஎம் 96 புவியுருவை (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய மாதிரிப் பரப்பு) சார்ந்தவை, கோப்பர்னிக்கஸ் இஜிஎம் 2008-ஐ. இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஜிபிஎஸ் கருவியில் எடுத்த நீள்வட்டக உயரத்தை (புவியின் கணித வடிவத்திலிருந்து அளந்தது) அப்படியே கலந்தால்தான் விபரீதம்: இடத்தைப் பொறுத்துப் பல பத்து மீட்டர் வரை தள்ளிப்போகும்.

அரிசியும் கழிப்பறையும்

பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கையிலிருந்து நிவாரணத் தேவையைக் கணக்கிடும் வசதி இனாசேஃப்பில் இருக்கிறது. அதன் இயல்புநிலைப் பட்டியல் இந்தோனேசிய விதிமுறையை ஒட்டியது: ஒருவருக்கு வாரம் 2.8 கிலோ அரிசி, 17.5 லிட்டர் குடிநீர், ஐந்து பேருக்கு ஒரு குடும்பப் பெட்டி, இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. 1,000 பேர் இடம்பெயர்ந்தால் வாரத்துக்கு 2,800 கிலோ அரிசி, 17,500 லிட்டர் குடிநீர், 200 பெட்டி, ஒருமுறைத் தேவையாக 50 கழிப்பறை.

அரிசி உண்ணாத ஊரில் இந்தப் பட்டியலை மாற்றாமல் அச்சிட்டால் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். மினிமம் நீட்ஸ் கருவியில் பொருளையும் அளவையும் மாற்றித் தனி சுயவிவரமாகச் சேமிக்கலாம். கழிப்பறை ஒருமுறைத் தேவை, குடிநீர் வாராந்திரம். புதிய பொருள் சேர்க்கும்போது இந்தக் கால இடைவெளியை மறந்தால் வாரத்துக்கு 50 கழிப்பறை கட்டச் சொல்லும். அதோடு, பாதிக்கப்பட்டவர் வேறு, இடம்பெயர்ந்தவர் வேறு. தேவை இரண்டாவதன் மேல் கணக்கிடப்படுகிறது. இடையில் உள்ள விகிதம் என்ன வைத்தீர்கள் என்பது அறிக்கையில் தெரிய வேண்டும். அந்த ஒரு எண்ணை மாற்றினால் லாரிகளின் எண்ணிக்கையே மாறும்.

கையால் ஒரு முறை

அட்லஸ் (பகுதிக்கு ஒரு பக்கமாக வரைபடம் தரும் வசதி) போட்டு நூறு பக்கம் அச்சிடும்முன், பாதி நனைந்து பாதி காய்ந்த ஒரு சிறிய வார்டைத் தேர்ந்தெடுங்கள். மக்கள்தொகை ராஸ்டரை நன்றாகப் பெரிதாக்கி, வெள்ளத்துக்குள் மையம் விழும் செல்களின் மதிப்பை ஐடென்டிஃபை கருவியால் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் கூட்டுங்கள். இருபது, முப்பது செல்தான் இருக்கும். அறிக்கை எண்ணோடு ஒப்பிடுங்கள். முழுமையாக்கலால் வரும் சிறு வித்தியாசம் பரவாயில்லை. முழு மடங்காக வேறுபட்டால் மறுமாதிரியைப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் குறிப்பு அமைப்பைப் பாருங்கள். எல்லாரும் பாதிக்கப்பட்டதாக வந்தால் ஆழத்துக்குப் பதில் நீர்மட்டமா, அடியில் உள்ள ஆழத்தை மீட்டர் என்று கொடுத்தீர்களா என்று பாருங்கள். கணக்கு சரிதான், பரப்பு மட்டும் அதிகமாக இருக்கிறது என்றால் திட்டத்தின் குறிப்பு அமைப்பு இணைய வரைபடங்களின் இபிஎஸ்ஜி 3857-இல் நின்றுகொண்டு, நீங்கள் தளப் பரப்பை (புவியின் வளைவைக் கணக்கில் எடுக்காதது) கணக்கிட்டிருப்பீர்கள்: 60 பாகை அட்சத்தில் அது பரப்பை நான்கு மடங்காகக் காட்டும், 10 பாகையில் மூன்று சதவீதம்தான் என்பதால் அங்கே யார் கண்ணிலும் படாது.